ஜாஸ் வாத்தியக்காரரை ஏன் இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது?

பெப்ரவரி 11, பின்னேரம் (ஒரு வாசகரின் கேள்வி)

ஜாஸ் என்பது வாத்தியம் வாசிப்பவர்கள் தங்களுக்குள்ளேயே வாசித்துக்கொள்ளும் இசை. சொல் இல்லை. மெட்டு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அதன் பிறகு பத்து நிமிடம் ஆளுக்கு ஆள் அலைகிறார்கள். எங்கள் ஊரில் கீபோர்ட், கிற்றார் வாசிக்கிற அண்ணாமார் எல்லோரும் கடைசியில் ஏன் இதிலேயே போய் நிற்கிறார்கள்? உண்மையில் பிடிக்கிறதா, பிடிக்கிறது என்று காட்டிக்கொள்கிறார்களா?

பெப்ரவரி 11, இரவு 10.40

உண்மையாகவே பிடிக்கிறது, தம்பி. காட்டிக்கொள்வதற்காக ஒரு மாதம் கேட்கலாம், வருடக்கணக்காகக் கேட்க ஏலாது.

நான் பேஸ் கிற்றார் வாசிக்கிறவன். திருகோணமலை மெல்லிசைக் குழுக்களில்தான் வாழ்க்கை: கோயில் திருவிழா, கலியாண வீடு, சீசன் காலத்தில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல். றெக்கோட்டில் இருப்பதை அப்படியே மேடையில் இறக்குவது எங்கள் தொழில். இளையராஜா பாட்டில் பேஸ் ஒரு சுவரம் மாறினாலும் முன்வரிசையில் இருக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார், பார்க்கத்தான் வேண்டும், அவ்வளவு அழகாகக் கட்டியது அது. ஆனால் அங்கே எந்தச் சுவரம் எங்கே என்பது எப்போதோ முடிவாகிவிட்டது. ஜாஸில் அந்த முடிவு நாம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படுகிறது. வாத்தியம் பழகியவனுக்கு அந்த இடத்தில் என்னென்ன வழி திறந்திருந்தது என்று தெரியும், வாசிப்பவர் எதில் நுழைந்தார் என்றும் கேட்கும். கரம் போர்ட் ஆடத் தெரிந்தவன் பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கும்போது ஸ்ட்ரைக்கர் கிளம்பும் முன்பே அவன் மனதில் இரண்டு மூன்று அடி ஓடியிருக்கும், ஆடுகிறவர் அவன் நினைக்காத ஒன்றை அடித்தால் வாய்விட்டு "அட" என்பான். நாங்கள் கேட்பதும் அந்த மாதிரித்தான்.

பெப்ரவரி 12, காலை

இன்னும் ஒன்று. "அலைகிறார்கள்" என்ற சொல்லை விடக்கூடாது.

மெட்டு முடிகிறது, சரி. மெட்டின் அளவு முடிவதில்லை. பழைய ஜாஸ் பாட்டுகளில் கனக்க 32 பார் நீளமானவை (ஒரு பார் என்பது பெரும்பாலும் நான்கு அடி). எட்டெட்டாக நான்கு துண்டு. முதல் இரண்டும் கடைசியும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு. புளூஸ் என்றால் 12 பார். மெட்டை ஒரு தடவை வாசித்து முடித்ததும் அதே 32 பாரும் அதே கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுவரக் கூட்டம்) வரிசையோடு மறுபடி மறுபடி ஓடும். எங்களுக்கு ஆவர்த்தனம் என்று சொன்னாலே விளங்கிவிடும். சக்சபோன்காரர் எவ்வளவு தூரம் போனாலும் அந்தச் சுற்றுக்குள்தான் நிற்கிறார். இப்போது மூன்றாவது துண்டு வரப்போகிறது என்பது டிரம்ஸ்காரருக்குத் தெரியும், பேஸ்காரருக்குத் தெரியும், மேசையில் இருக்கிற பழகிய ரசிகருக்கும் தெரியும். சுற்றுத் தெரியாதவர் காதுக்கு அது அலைச்சலாகத்தான் விழும். தாளம் பிடிபடாதவருக்குத் தனி ஆவர்த்தனமும் வெறும் சத்தம்தானே.

அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டன், அவர் குழுவின் அடையாளப் பாட்டான 'டேக் தி ஏ டிரெய்ன்' எடுத்துக் கேளுங்கள். பில்லி ஸ்ட்ரேஹோர்ன் எழுதியது, 1941இல் பதிவானது. சிற்றலை காலத்து ஆட்களுக்கு இது உடனே ஞாபகம் வரும், வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கொனோவர் 1955 முதல் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சிக்கு இதுதான் முகப்பு. முதல் இரண்டு பார் சாதாரண மேஜர் கோர்ட், யாரும் பாடலாம். மூன்றாவது பாரில் கோர்ட் ஒரு படி மேலே ஏறுகிறது, மெட்டும் நினைக்காத ஒரு சுவரத்தில் போய் நிற்கிறது. ஸட்ஜத்தை ஸி-யில் வைத்தால் அந்தச் சுவரம் சுத்த தைவதம், கீழே நிற்கிற கோர்ட்டோ ரிஷபத்தில் கட்டியது. அந்த ரிஷபத்திலிருந்து அளந்தால் அது பிரதி மத்யமம். அந்த ஒரு இடம் காதைச் சுண்டி இழுக்கும். சுற்று வரும்போதெல்லாம் அந்த மூன்றாம் பாரும் வரும். தனியாக வாசிக்கிற ஒவ்வொருவரும் அதை எப்படிக் கடக்கிறார் என்று அது ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் அதிலேயே குந்துவார், ஒருவர் தொடாமல் தாண்டுவார்.

பெப்ரவரி 12, மதியம்

சுற்று என்றதும் ஞாபகம் வந்தது. கெர்ஷ்வின் 1930இல் எழுதிய ஒரு நாடகப் பாட்டின் கோர்ட் வரிசைக்கு மேலே எத்தனையோ ஜாஸ் மெட்டுகள் கட்டியிருக்கிறார்கள். சக்சபோன்காரர் சார்லி பார்க்கர் 1945இல் பதிவு செய்த 'கோ-கோ'வும் வேறொரு பழைய பாட்டின் கோர்ட் வரிசைதான். ஆகவே முன்பின் தெரியாத இரண்டு பேர் மேடையில் சந்தித்து, பாட்டின் பெயரையும் சுருதியையும் மட்டும் சொல்லிவிட்டு உடனே வாசிக்கத் தொடங்கலாம். ஒத்திகை தேவையில்லை. ஒத்திகைக்கு ஆட்களைக் கூட்டவே ஒரு கிழமை போகிற எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெப்ரவரி 15

வீட்டில் கீபோர்ட் இருக்கிறவர்கள் இதைச் செய்து பாருங்கள். வலது கை ஒரு விரலால் ஈ சுவரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையால் கீழே ஸி. இப்போது அந்த ஈ அந்தர காந்தாரம், நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். வலது விரலை எடுக்காமல் இடது கையை ஏ-க்குக் கொண்டுபோங்கள். அதே ஈ பஞ்சமம் ஆகிவிட்டது. இடது கை எஃப் போனால் காகலி நிஷாதம், ஸட்ஜத்துக்கு ஏங்கிக்கொண்டு நிற்கும். டி போனால் சதுஸ்ருதி ரிஷபம்.

வலது விரல் அசையவே இல்லை, ஆனால் நான்கு தடவை வேறு வேறு உணர்ச்சி. சுருதிப்பெட்டியோடு வளர்ந்த காது எனக்கு, ஸட்ஜம் கச்சேரி முடியும்வரை இடம் பெயராது என்ற நம்பிக்கையோடு வளர்ந்தது. கீழே நிலமே நகர நகர மேலே நிற்கிற சுவரத்தின் பொருள் மாறுவதைக் கேட்டபோது என்னை இது பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. பேஸ் வாசிக்கிறவன் என்பதால் இன்னும் கூட. நிலத்தை நகர்த்துகிற வேலை பேஸ்காரனுடையது.

இதன் எல்லையைக் கேட்க வேண்டுமென்றால் சக்சபோன்காரர் ஜோன் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்', 1959 பதிவு. பி, ஜி, ஈ ஃபிளாட் என்று மூன்று ஸட்ஜங்கள், சுற்றி வந்தால் ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து ஓர் அந்தர காந்தார தூரம், அதுவும் ஓடுகிற வேகத்தில். கோல்ட்ரேன் அதை வீட்டில் உழுது வைத்துவிட்டு வந்தவர், வெள்ளமாகப் பாய்கிறார். பியானோ வாசித்த டொமி ஃபிளனகன் பெரிய வித்துவான், ஆனால் அவருடைய முறை வரும்போது கை தயங்கித் தயங்கி, ஒரு இடத்தில் வெறும் கோர்ட்டுகளாகவே நின்றுவிடுகிறது. அப்படியே தட்டில் போட்டார்கள். வாத்தியம் வாசிக்கிற எவரும் அந்த இடத்தைச் சும்மா கேட்டுவிட்டுப் போக மாட்டார்கள், தொண்டையில் ஏதோ அடைக்கும். அதே ஃபிளனகன் 1982இல் கோல்ட்ரேன் நினைவாக ஒரு முழுத் தட்டுப் பதிவு செய்தார், அதில் அந்தப் பாட்டையும் வாசித்தார், நிதானமாக, சுத்தமாக. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

பெப்ரவரி 16

தவில் அண்ணை ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதெல்லாம் எங்களிடம் இருக்கிறதுதானே. மனோதர்மம், குறைப்பு, தீர்மானம். இதைத் தேடி ஏன் நியூயோர்க் போக வேண்டும்?"

இருக்கிறது அண்ணை, நிறையவே. மனோதர்மம் என்பது அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பதுதானே. ஜாஸில் ஒரு சக்சபோன்காரரும் டிரம்ஸ்காரரும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிக்கிற பழக்கம் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசிப்பதை நன்றாகக் கேட்டவருக்கு இதில் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை, முதல் நாளே விளங்கிவிடும். எங்களிடம் அளவு சுருங்கிச் சுருங்கி வந்து கடைசியில் சேர்ந்து பொழிவது இருக்கிறது, அங்கே பெரும்பாலும் நான்கு பார் நான்கு பாராகவே நிற்கும். கட்டமைப்பில் எங்களுடையது கூர்மை என்றே நினைக்கிறேன். தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த பதிவுகளைக் கேட்டவர் யாரும் லயத்தில் வேறொருவரிடம் போய்க் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

வித்தியாசம் இரண்டு. ஒன்று, கீழே ஸட்ஜம் நகர்வது, நேற்று எழுதினேனே. இரண்டாவது, ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்களும் சும்மா பின்தொடர்வதில்லை. பியானோ கோர்ட்டை மாற்றிப் போட்டு வாசிப்பவரைச் சீண்டும், டிரம்ஸ் இடையில் ஒரு அடி வைத்துத் திசை திருப்பும், பேஸ் வேறு வழியாக இறங்கும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் மனோதர்மம், அதுவும் ஒருவர் மேல் ஒருவர் விழாமல்.

இந்த இரண்டு உலகமும் சந்தித்த ஒரு நாள் இருக்கிறது. 1958இல் அமெரிக்க அரசு பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழுவை ஊர் ஊராக அனுப்பியது, போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை எல்லாம் வந்தார்கள். மதராசில் பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு, ஆம், இடக்கை மிருதங்க மேதை அவரேதான், ஜோ மொரெல்லோ டிரம்ஸில் சேர்ந்து வாசித்தார். அடுத்த வருடம் புரூபெக் குழுவின் 'டைம் அவுட்' தட்டு வந்தது. அதில் ஒரு பாட்டு ஒன்பது எண்ணிக்கை, துருக்கியில் தெருவில் வாசித்தவர்களிடம் கேட்டது: தக தக தக தகிட. போல் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' அதில்தான் இருக்கிறது: தகிட தக, தகிட தக. எங்கள் பிள்ளைகள் இதை ஒரு தடவையில் பிடித்துவிடுவார்கள்.

பெப்ரவரி 20

கேள்வியைத் திரும்ப வாசித்தேன். "தங்களுக்குள்ளேயே வாசித்துக்கொள்ளும் இசை" என்பதில் ஒரு பாதி வரலாறு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

1930களில் ஜாஸ் ஆடுவதற்கான இசை. ஹார்லெமில் சவோய் மண்டபத்தில் சனம் விடிய விடிய ஆடியது பெரிய ஜாஸ் குழுக்களுக்குத்தான். அந்தக் குழுக்களில் சம்பளத்துக்கு வாசித்தவர்கள், வேலை முடிந்த பிறகு நடுநிசியில் சின்ன இடங்களில் கூடி, தங்களுக்காக வாசித்தார்கள். மின்டன்ஸ் என்ற இடம் பேர் போனது. திலோனியஸ் மங்க் பியானோவில், கென்னி கிளார்க் டிரம்ஸில். தாளத்தை பேஸ் டிரம்மின் 'தொம் தொம்'மிலிருந்து எடுத்து மேலே தாளத்தட்டுக்கு மாற்றியவர் கிளார்க், அதனால் கால் விடுதலையாகி நினைத்த இடத்தில் அடிக்க முடிந்தது. அங்கேயிருந்துதான் பீபொப் வந்தது, அதி வேகம், நெருக்கமான கோர்ட்டுகள், ஆடுவதற்குக் கஷ்டம். 1942 ஓகஸ்ட்டில் வாத்தியக்காரர் சங்கம் ஒலிப்பதிவைப் பகிஷ்கரித்தது, ஆகவே அது பிறந்த காலத்துப் பதிவுகள் மிகக் கொஞ்சம். 1944இல் ஆட்டமும் பாட்டும் நடக்கிற விடுதிகளுக்கு அரசு 30 வீத வரி போட்டது, பிறகு 20 ஆகக் குறைத்தது. ஆட்டமில்லாமல் நான்கைந்து பேர் இருந்து வாசிக்கிற இடத்துக்கு அந்த வரி இல்லை. இருந்து கேட்கிற சனம் வந்ததில் இந்தக் காசுக் கணக்குக்கும் பங்கு உண்டு.

வேலை முடிந்த பிறகு தங்களுக்காக வாசிப்பது எங்களுக்குத் தெரியாததா? கலியாண மண்டபத்தில் சனம் சாப்பாட்டுப் பக்கம் போனதும், வயர் சுற்றும் நேரத்தில், கீபோர்ட்காரர் ஒரு கோர்ட்டை வைப்பார், டிரம்ஸ்காரர் குச்சியைத் திரும்ப எடுப்பார். அன்றைக்கு முழுவதும் வாசித்ததில் நல்லது அந்தப் பத்து நிமிடமாகத்தான் இருக்கும்.

பெப்ரவரி 27

ஒரு அக்கா எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "நான் பாரும் எண்ணவில்லை, கோர்ட்டும் தெரியாது. பில்லி ஹொலிடே பாடினால் வேலையை விட்டுவிட்டு இருந்து கேட்பேன். நான் உங்கள் கணக்கில் எங்கே?"

இதை இரண்டு நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இதுவரை சுற்று, முடிவு, கணக்கு என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், குரலையும் தொனியையும் பற்றி ஒரு வரி இல்லை. பில்லி ஹொலிடேக்குக் குரல் வீச்சு ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். உரத்தும் பாட மாட்டார். அவர் செய்வது, தாளம் போட்ட இடத்துக்குப் பிறகு சொல்லை வைப்பது. பேஸ் ஒன்றில் விழுந்துவிடும், அவர் இன்னும் வரவில்லை, வருவாரா என்று நெஞ்சு ஒரு கணம் நிற்கும், பிறகு சொல் வந்து சாவகாசமாக உட்காரும். 1937 பதிவுகளில் அவருக்குப் பின்னால் லெஸ்டர் யங் சக்சபோன் வாசிப்பதைக் கேளுங்கள். பாட்டின் வரி முடிகிற இடைவெளியில் மட்டும் வருவார், அவருடைய மூச்சிலேயே வாசிப்பார்.

அக்கா எண்ணாமலே எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது என் எண்ணம். சொல் பிந்தி வருகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டுமென்றால், எங்கே வர வேண்டும் என்று உடம்பு ஏற்கனவே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காது வேலை செய்கிறது, பெயர்கள்தான் தெரியாது, பெயர்கள் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

சொல் இல்லை என்ற தம்பிக்கும் ஒன்று: 1960 பெப்ரவரியில் பெர்லினில் எல்லா ஃபிட்ஸ்ஜெரல்ட் 'மக் தி நைஃப்' பாடும்போது நடுவில் வரிகள் மறந்து போயின. பாட்டை நிறுத்தவில்லை. மறந்துவிட்டதையே வரியாக்கி, அதே பாட்டைப் பாடிப் பேர் எடுத்த லூயி ஆம்ஸ்ட்ரோங், பொபி டரின் இருவர் பெயரையும் உள்ளே இழுத்து, ஒரு பாரும் பிசகாமல் முடித்தார். அந்தப் பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. சுற்று மனதில் ஓடிக்கொண்டிருந்தபடியால்தான் அது முடிந்தது.

மார்ச் 3

கவனமாகக் கேட்பது என்று எல்லோரும் எழுதுகிறோம். எனக்கு அது கையில் வந்த இடத்தைச் சொல்கிறேன்.

2022 மின்வெட்டுக் காலம். மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரன்ட் இல்லை. உவர்மலையில் கீபோர்ட்காரர் வீட்டில் கூடியிருந்தோம், கீபோர்ட் செத்துப் போய்க் கிடந்தது, அவர் ஒரு பழைய பெட்டிக் கிற்றாரை எடுத்தார். டிரம்ஸ்காரர் பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் விரலால். அம்பிளிஃபயர் இல்லாத பேஸ் கிற்றாரின் சத்தம் எவ்வளவு என்று வாசித்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது. ஆகவே மற்ற இருவரும் என்னுடைய சுவரம் கேட்கிற அளவுக்குத் தங்கள் சத்தத்தைக் குறைத்தார்கள். எஃப்-இல் ஒரு புளூஸ். நான்காவது பாரில் எஃப், ஏ, ஸி என்று ஏறி, நான்காம் அடியில் பி வைத்தேன், அடுத்த பாரின் ஒன்றில் பி ஃபிளாட்டில் இறங்குவதற்காக. ஜாஸில் பேஸ் நடப்பது என்பது இதுதான், ஒவ்வொரு பாரிலும் நான்கு அடி, கடைசி அடி பலவேளை அடுத்த கோர்ட்டின் வாசலில் அரைச் சுவரம் தள்ளி நிற்கும். அந்த பி-யைக் கேட்ட அடுத்த சுற்றில் கிற்றார்காரர் தன் கோர்ட் முழுவதையும் அதே இடத்தில் பி-க்குத் தூக்கி என்னோடு சேர்ந்து சறுக்கினார். ஒரு சொல் பேசவில்லை. கதிரையில் விரல் ஒரு 'டக்' வைத்தது.

அதன் பிறகு மேடையிலும் என் அம்பிளிஃபயரைக் குறைத்தே வைக்கிறேன்.

மார்ச் 10

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருகிற நாட்கள். நாலு தவில், இரண்டு நாதஸ்வரம், சந்தியில் நின்று சமா வைத்தார்கள். கூட்டத்தில் பாதி அர்ச்சனைத் தட்டோடு சுவாமியைப் பார்க்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மேளத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வருகிற சில ஆட்களைப் பாருங்கள், வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு, விரலில் தாளம் எண்ணிக்கொண்டு. தீர்மானம் (முடிப்பு) சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், விழும்போது அவர்கள் தலை எல்லாம் ஒன்றாக ஆடும். தம்பி, நீங்கள் கேட்ட ஜாஸ் ரசிகர் இவர்தான். இவருக்கு 32 பார் சுற்றைக் காட்டிக் கொடுக்க அரை மணித்தியாலம் போதும்.

(பாலையூற்றுப் பக்கம் பறங்கியர் கலியாணத்தில் வயலினோடு கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசை கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். ஆறு எண்ணிக்கையை மூன்று இரண்டாகவும் இரண்டு மூன்றாகவும் ஒரே நேரத்தில் கேட்கிற காது அங்கே இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.)

மார்ச் 17

"ஜாஸ் கேட்பவர்கள் எல்லோரும் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டா கேட்கிறார்கள்?" என்று இன்னொருவர்.

இல்லை. 1961 ஜூன் 25, ஞாயிறு, நியூயோர்க்கில் வில்லேஜ் வன்கார்ட் என்ற நிலவறை விடுதி. பில் எவன்ஸ் பியானோ, ஸ்கொட் லஃபாரோ பேஸ், போல் மோஷன் டிரம்ஸ். பேஸ்காரர்களுக்கு இது வேதம். லஃபாரோ அடியில் நின்று தாங்குவதோடு விடாமல் பியானோவோடு சரிக்குச் சரி பாடுகிறார். அந்தப் பதிவைக் காதில் மாட்டிக் கேட்டால் கண்ணாடிக் கோப்பை முட்டுகிற சத்தம், சனம் கதைக்கிற சத்தம், யாரோ சிரிக்கிறது, எல்லாம் கேட்கும். முன்னால் நடப்பது என்னவென்று பலருக்குத் தெரியவில்லை. பதினோரு நாளில் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25.

ஹோட்டலில் நாங்கள் வாசிக்கும்போது விருந்தாளிகள் கதைப்பது எனக்குக் கோபம் தருவதில்லை, இந்தப் பதிவுதான் காரணம். அந்த மூவரும் அறையைப் பார்த்து வாசிக்கவில்லை. ஒருவரையொருவர் கேட்டு வாசித்தார்கள், அந்தக் கேட்பு இத்தனை வருடத்துக்குப் பிறகு திருகோணமலையில் இருக்கிற எனக்கும் கேட்கிறது.

மார்ச் 24

தொடக்கத்துக்கு எது என்று கேட்டவர்களுக்கு: ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ', 1959, முதல் பாட்டு 'ஸோ வாட்'. கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் கட்டாயம். கோர்ட்டுகள் இரண்டே இரண்டு. டி-யை ஸட்ஜமாக வைத்தால் அவர்கள் வாசிக்கிற சுவரங்கள் அப்படியே கரகரப்ரியா. 16 பார் டி-யில், அடுத்த 8 பார் எல்லாம் அரைச் சுவரம் மேலே ஏறி ஈ ஃபிளாட்டில், கடைசி 8 பார் திரும்ப டி-யில். கமகம் இருக்காது, அதை எதிர்பார்க்க வேண்டாம், சுவரங்களுக்கு இடையில் விடுகிற இடைவெளியைக் கேளுங்கள். மைல்ஸ் தொடங்கும் இடத்தில் ஜிம்மி கொப் தாளத்தட்டில் ஓர் அடி வைப்பார், அறை முழுவதும் பரவும்.

பழைய கசெட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஒலிப்பதிவு இயந்திரம் அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாக ஓடியதால் முதல் பக்கத்துப் பாட்டுகள் தட்டில் சுருதி கூடி வந்தன. 1992இல்தான் திருத்தினார்கள். என்னிடம் இருந்தது பழைய கசெட், அதோடு சேர்ந்து வாசிக்கப் பேஸின் சுருதியைத் தூக்கிவைத்துப் பழகினேன். இப்போது போனில் கேட்பது திருத்தியதாக இருக்கும், கீபோர்ட்டோடு நேராகச் சேரும்.

ஏப்ரல் 2

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். "மைல்ஸ் வாசித்து முடிக்கும் வரைக்கும் எண்ணிக்கொண்டு வந்துவிட்டேன் அண்ணா. கோல்ட்ரேன் தொடங்கியதும் தொலைந்துவிட்டது. சுவரம் கொட்டுகிறது, எங்கே ஒன்று என்றே தெரியவில்லை."

சந்தோஷம், தம்பி. கோல்ட்ரேனை எண்ணப் பார்க்காதீர்கள், அவர் பாரின் கோட்டுக்கு மேலாலேயே பாய்கிறவர். காதை அவரிடமிருந்து எடுத்து, கீழே போல் சேம்பர்ஸின் பேஸில் வையுங்கள், அது மாறாமல் நடந்துகொண்டேயிருக்கும். அப்போதும் பிடிபடவில்லையென்றால் சும்மா காத்திருங்கள். எல்லாம் அரைச் சுவரம் மேலே ஏறுகிற இடம் வரும், அது காதுக்குத் தப்பாது. ஏறிய உடனே பதினேழு என்று எண்ணத் தொடங்குங்கள், எட்டுப் பாரில் இறங்கும், இன்னும் எட்டில் சுற்று முடியும். மைல்ஸ் இரண்டு சுற்று, கோல்ட்ரேன் இரண்டு, கனன்பால் அடர்லி இரண்டு, எவன்ஸ் ஒன்று. எவன்ஸ் வாசிக்கும்போது மற்ற மூவரும் பின்னால் அந்த இரட்டைக் கோர்ட்டை வைத்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் எண்ண உதவும்.

எவன்ஸ் முடித்து பேஸ் மெட்டுக்குத் திரும்புகிற இடத்தில் நீங்கள் சரியாக ஒன்றில் நின்றால் இங்கே வந்து எழுதுங்கள். அதே தட்டில் இரண்டாவது பாட்டு 12 பார் புளூஸ், பியானோவில் விண்டன் கெல்லி. அடுத்தது அதை எண்ணலாம், கடைசி இரண்டு பாரில் வழக்கமில்லாத ஒரு கோர்ட் இருக்கிறது, அதை நான் முதலிலேயே சொல்லப் போவதில்லை.